முசியே சாய்த்துப் பார்த்த மஞ்சள் கண்ணாடி

சென்ற வெள்ளிக்கிழமை காலை கடையில் ஒருவருக்குக் கேமராவில் மாட்டுகிற மஞ்சள் பில்டர் காட்டிக்கொண்டிருந்தேன். புதிதாகக் கேமரா வாங்கிய ரெட்டியார்பாளையத்துக்காரர். கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டை எடுத்து வைத்திருந்தேன். ஒன்று பிரான்சிலிருந்து வந்தது, மற்றது மதராஸிலிருந்து வந்தது. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் மஞ்சாதானம்மா இருக்குது? இதுக்கு மட்டும் எதுக்கு மூணு பங்கு வெல?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது முசியேயின் மனைவி மதாம் லூசியின் தம்பி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, "மாமா போயிட்டாரும்மா, விடியக்காலையில" என்றார்.

எட்டு வருடமாக அந்தக் கேள்விக்கு என் கடையில் பதில் சொன்னவர் அவர்தான். நான் இரண்டு பில்டர்களையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். வந்தவரிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவராகவே புரிந்துகொண்டு போய்விட்டார்.

மரியநாதன் என்று சொன்னால் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தொப்பிக்கார முசியே என்றால் பெரிய மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவள்கூட வழி காட்டுவாள். சொந்தமாக ஸ்டூடியோ கிடையாது. மடித்து விரிக்கிற கேமரா ஒன்று, மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று, வெள்ளைக் கால்சட்டை, கார்க் தொப்பி, இவ்வளவுதான் அவருடைய தொழில். கல்யாணம், ஞானஸ்நானம், காது குத்தல், தேர் எதுவானாலும் நடந்தே வருவார். இதைப் படிக்கிற உங்களில் பலர் அவர் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். "கல்யாணந்தான நடக்குது? யாரையும் பொதைக்கலயே, கொஞ்சம் சிரிங்க" என்று அவர் அதட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

எனக்கு அவர் அறிமுகமானது இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய வருடத்தில். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். பிலிம், பேப்பர், மருந்து, பில்டர் என்று படம் எடுக்கிறவர்களுக்கு வேண்டியதை விற்கிற கடை அவருடையது. கடையை மூடிவிடு என்று உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள். மூடிவிட்டு என்ன சாப்பிடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானே போய் உட்கார்ந்தேன். காலையில் கடையைத் திறந்தால் ஒரு ஆள் உள்ளே வர மாட்டார். கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் எதிர் வெற்றிலைக் கடை ஓரமாக நின்று பீடி பிடிப்பார்கள். தாலி இல்லாதவள் கையால் போணி செய்து வாங்கிய பிலிம் மணப்பெண்ணுக்கு ஆகாதாம். வேறு யாராவது முதலில் வாங்கட்டும் என்று காத்திருப்பார்கள். எல்லோரும் காத்திருந்தால் யார்தான் முதலில் வாங்குவது? சில நாள் மத்தியானம் வரைக்கும் நான் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அழுகை வரும், அதைவிட அதிகமாகக் கோபம் வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை, வெற்றிலைக் கடைக் கூட்டத்தைத் தாண்டி நேராக வந்து வாசலில் நின்றார் முசியே. தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "போன்ழூர், மதாம்!" என்றார். தெருவுக்கே கேட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன். என் வாழ்நாளில் எனக்காக யாரும் எதையும் தலையிலிருந்து எடுத்ததில்லை.

"நீங்க உக்காருங்க மதாம். நிக்க வேண்டியவன் நான்" என்றார். ஒரு பிலிம் ரோல் வாங்கினார். வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் கேட்கும்படி, "நாளைக்கி மாதா கோயில்ல ஒரு கல்யாணம். அதுக்குத்தான் வாங்கறேன்" என்றார். அந்தத் தம்பதி இன்றைக்குப் பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். நான் அவ்வப்போது விசாரித்து வைத்துக்கொள்வேன், சும்மா ஒரு திருப்திக்கு.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் போணி அவருடையதுதான். ஒன்றும் தேவைப்படாத வாரத்தில்கூட ஆல்பத்தில் படத்தைப் பொருத்த ஒட்டுகிற காகித மூலைகளையாவது வாங்கிக்கொண்டு போவார். கொஞ்ச நாளில் வெற்றிலைக் கடைக் கூட்டம் வெட்கப்பட்டுக் கலைந்தது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம், சண்டை போட்டதெல்லாம் பில்டரைப் பற்றித்தான்.

படம் எடுக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு நீல வானம் வெள்ளையாகத்தான் தெரியும். லென்சுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி ஒன்றை மாட்டினால் வானம் கறுத்து, மேகம் எழுந்து நிற்கும். முன்பெல்லாம் நல்ல பில்டர்கள் பிரான்சிலிருந்து கப்பலில் வரும். கொடி மாறிய பிறகு சுங்கச் சட்டமும் மாறி, அந்தச் சரக்கு வருவது அருகிப்போனது. மதராஸிலிருந்து மலிவான சரக்கு வந்தது. இரண்டு கண்ணாடி வில்லைகளுக்கு நடுவே மஞ்சள் சாயத்தாள் வைத்துத் தகர வளையத்தில் மாட்டியிருப்பார்கள். நான் பெரும்பாலும் அதைத்தான் விற்றேன். வேறு என்ன செய்வது?

முசியே ஒரு பில்டரைப் பார்க்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் காதருகே வைத்து ஆட்டுவார், வளையத்துக்குள் கண்ணாடி லொடலொடக்கிறதா என்று. பிறகு வெள்ளைத்தாள் மேல் வைத்துச் சாயம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் கையை நீட்டிப் பிடித்து, அதன் வழியாக என் கடை ஜன்னல் கம்பிகளைப் பார்த்தபடி மெல்லச் சாய்ப்பார். கம்பிகள் நேராக நின்றால் கண்ணாடி நல்லது. நெளிந்தால், "நோன், நோன் மதாம், கம்பி டான்ஸ் ஆடுது" என்று திருப்பித் தருவார். இவ்வளவும் செய்துவிட்டு வாங்காமல் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எல்லாரும் உங்கள மாதிரி பாத்தா நான் கடைய இழுத்து மூடணும் முசியே. கையில இருக்கிறதுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு வாங்கிப் படம் எடுக்கட்டுமே. எடுக்காம இருக்கிறதுக்கு இது மேலில்லியா?"

"மட்டமானதப் போடறதுக்குப் போடாமயே எடுக்கலாம். லென்சு நல்ல எடத்துப் புள்ள மதாம். அதுக்குப் போடற சட்ட கந்தலா இருக்கக் கூடாது."

இந்த வாக்குவாதம் ஓயவே இல்லை. ஐம்பத்தேழா ஐம்பத்தெட்டா என்று சரியாக நினைவில்லை, ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்குப் போகிற வழியில் முசியே என்னிடம் வந்து, "இன்னிக்கி ஒரு முடிவு பண்ணிடுவோம். உங்க சரக்குல ஒண்ணு குடுங்க. அதே தேரு, அதே வெயிலு. என் பில்டர்ல ஒண்ணு, உங்க பில்டர்ல ஒண்ணு எடுக்கறேன்" என்றார். நானும் ரோஷத்தோடு பெட்டியில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

தோற்றுப்போனேன். சும்மா தோற்கவில்லை, ஊர் பார்க்கத் தோற்றேன். அவருடைய பில்டரில் எடுத்த படத்தில் கறுத்த வானமும், அதில் பஞ்சு பஞ்சாக மேகமும், அதன் நடுவே தேரும், கீழே வடத்தில் குனிந்த முதுகுகளும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. என் பில்டரில் எடுத்த படத்தில் வானம் சோகை பிடித்ததைப் போல வெளுத்திருந்தது. கலசம் பனி மூடியதைப் போல மங்கியிருந்தது. போதாததற்குக் கீழே மணலில் முசியேயின் நிழலே நீளமாக விழுந்திருந்தது, பக்கத்தில் நீட்டிய கையில் ஏதோ பையோடு. "நெழலு விழுந்தது பில்டர் தப்பு இல்ல, என் தப்புதான். ஒங்க பில்டர்தானேன்னு அலட்சியமா அமுக்கிட்டேன்" என்று நியாயமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, இரண்டையும் சட்டம் போட்டு, ஒன்றின் கீழே 'நல்ல பில்டர்' என்றும் மற்றதன் கீழே 'மட்டமான பில்டர்' என்றும் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதி, என் கடைச் சுவரிலேயே மாட்டினார். என் கடையில், என் ஆணியில்! வருகிறவர்களை இரண்டுக்கும் முன்னால் நிறுத்திப் பாடம் எடுப்பார். அவர்கள் நல்ல படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, மலிவான பில்டரையே வாங்கிக்கொண்டு போவார்கள். அவருக்கு வருகிற கோபத்தைப் பார்த்து எனக்குத் தோற்ற வருத்தமே தீர்ந்துபோகும்.

இரண்டு வருடம் கழித்து, ஐப்பசி மழை. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அஞ்சலை, வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என் கடைக்குள் ஒதுங்கினாள். வீராம்பட்டினத்துக்காரி. அதற்கு முந்தைய வருடம் அவள் கணவன் காத்தவராயன் கட்டுமரத்தில் போனவன் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. முசியேயும் கடையில்தான் இருந்தார், யாருக்கோ ஜன்னல் கம்பியைக் காட்டிக்கொண்டு. ஈரத்தைத் துடைத்தபடி சுவரைப் பார்த்த அஞ்சலை, கூடையைக் கீழே போட்டாள்.

"யம்மா, இது எங்க ஆளு."

நான் அந்த நல்ல படத்தைத்தான் பார்த்தேன். அவள் விரல் மற்றதன் மேல் இருந்தது. வடம் பிடித்த முதுகுகளுக்கு நடுவே ஒரு ஆள் மட்டும் திரும்பி, கேமராப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறான். இரண்டு வருடமாக அந்தப் படத்தின் குற்றங்களை ஊருக்கே எண்ணிக் காட்டிய எங்கள் இருவர் கண்ணிலும் அந்தச் சிரிப்பு பட்டதே இல்லை.

"ஒரு போட்டோ கெடையாதும்மா எங்க வூட்ல. புடிக்கலாம் புடிக்கலாம்னே இருந்தாரு. பொண்ணுக்கு அப்பன் மூஞ்சி தெரியாது. யாரப் பாத்தாலும் அப்பான்னு கூப்புடுது. முசியே, இத மட்டும் பெருசா போட்டுத் தர முடியுமா? முடியும்னு சொல்லுங்க முசியே."

முசியே நல்ல படத்தின் பக்கம் போய் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து தேடினார். அதில் காத்தவராயன் முதுகாகத்தான் இருந்தான். எது முதுகு என்று அஞ்சலைக்கே சொல்லத் தெரியவில்லை.

அவர் தலை தொங்கிப்போய் நான் பார்த்தது அந்த வாரம்தான். பிலிமில் அந்த முகம் மிளகளவுதான். அதைப் பெரிதாக்கினால், மட்டமான கண்ணாடி செய்த மங்கலும் சேர்ந்து பெரிதாகிறது. கண் எது, மூக்கு எது என்று தெரியாமல் கலங்கிப்போகிறது. முசியே என்னிடமிருந்த எல்லா வகைப் பேப்பரையும் வாங்கிக்கொண்டு போனார். போட்டுப் பார்த்துக் கிழித்தார், மறுபடியும் வந்தார். மதாம் லூசி என்னிடம் வந்து, "சாப்புடவே மாட்டேங்கறாரு, நீங்களாவது சொல்லுங்க" என்றார். சொன்னேன். கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவர் சொன்னார்:

"நல்ல பில்டரப் போட்டு வானத்தப் புடிச்சேன் மதாம். அத்தன ஆளுங்க முன்னால நின்னாங்க. ஒருத்தரையும் நான் பாக்கல. அந்த மனுஷன் என்னைப் பாத்திருக்காரு, நான் அவரப் பாக்கல."

கடைசியில் போஸ்ட்கார்டு அளவுக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்து ஒன்று போட்டார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் முகம் தெரிந்தது. ஓரங்கள் கரைந்துதான் இருந்தன. அஞ்சலை வந்தபோது அதை அவள் கையில் கொடுக்கத் தயங்கி என்னிடம் கொடுத்தார். நான் கொடுத்தேன். அவள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முசியே தொப்பியை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடும்மா, இதுக்கு மேல தெளிவா வரல" என்றார்.

"எதுக்கு முசியே தெளிவு? அலையில மூழ்கி எழுந்து கரைக்கி வருவாரு பாருங்க, மூஞ்செல்லாம் தண்ணி வழிஞ்சிக்கினு, அப்ப இப்பிடியேதான் இருப்பாரு" என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். நாங்களும் அழுதோம்.

மறுநாள் முசியே இரண்டு படங்களின் கீழேயும் ஒட்டியிருந்த எழுத்தைக் கிழித்துப் போட்டார். அதற்காக அவர் மலிவு சரக்குக்கு மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். சாகும் வரை என் ஜன்னல் கம்பிகள் டான்ஸ் ஆடிக்கொண்டுதான் இருந்தன. மாறியது ஒன்றுதான். அடுத்த ஆடியிலிருந்து, தேர் நகர்வதற்கு முன்னால், வடம் பிடிக்கிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி முகத்தை எடுத்தார். பில்டர் இல்லாமல், வெறும் லென்சில். "மொதல்ல ஆளு. வானம் அப்புறம் வரட்டும்" என்பார். அந்தப் படங்களையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். இன்றைக்கு வீராம்பட்டினத்தில் பல குடிசைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருப்பது அவர் எடுத்த முகங்கள்தான்.

சனிக்கிழமை அவரை அடக்கத்துக்கு எடுத்தபோது அந்த ஊர் ஆண்கள் தெரு ஓரம் முழுக்க நின்றார்கள். பெட்டி கடந்து போகையில் தலையில் கட்டியிருந்த துண்டுகளை அவிழ்த்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கடையைத் திறந்தேன். வாசலைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அஞ்சலை கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"போணி ஆயிடுச்சாம்மா?"

"இல்லடி."

"அப்ப எங்க ஆளு படத்துக்கு ஒரு சட்டம் குடுங்க. நானே போணி பண்றேன். நம்ம ரெண்டு பேருக்கும் இனிமே என்னா ஆவப்போவுது?" என்று சிரித்தாள். சட்டத்தை எடுக்க நான் திரும்பியபோது அவள் சுவரில் இருந்த அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள். முன்பெல்லாம் அவள் பார்த்தது ஒரு முகத்தைத்தான். அன்றைக்கு அவள் கண் கீழே மணலுக்குப் போனது.

"யம்மா, இங்க வாங்க. இது முசியே நெழலுதான? கையில பையின்னு சொல்லுவீங்களே, பை இல்லம்மா அது. தொப்பி. தல மொட்டையா இருக்குது பாருங்க. ஆத்தா தேரு எதுக்க வந்ததும் தொப்பியக் கழட்டிக் கும்புட்டுக்கினு நிக்கிறாரு."

எழுந்து போய்ப் பார்த்தேன். வட்டமான தொப்பிதான். அதே மாதிரி பக்கவாட்டில் நீட்டிய கை. ஒரு கை கேமராவில், ஒரு கை தொப்பியில். அலட்சியமாக அமுக்கினேன் என்று அவர் சொன்னதன் அர்த்தம் இவ்வளவுதான்.

"அதான் எங்க ஆளு திரும்பிப் பாத்திருக்காரு. தொரை மாதிரி ஒருத்தர் நம்ம ஆத்தாளுக்குத் தொப்பியத் தூக்கறாரேன்னு. அதப் பாத்துத்தாம்மா சிரிக்கிறாரு."

அவர் விட்டுச் சென்றவற்றில் என்னிடம் இருப்பவை கொஞ்சம்தான். அந்த மதராஸ் பில்டர் இருக்கிறது, பெட்டியின் உள்தட்டில், விற்பனைக்கு இல்லை. சுவரில் இரண்டு படங்கள் இருக்கின்றன. யார் பில்டர் கேட்டாலும் இரண்டு வகையையும் எடுத்து வைத்து, ஜன்னல் கம்பியைப் பார்த்துச் சாய்த்துப் பாருங்கள் என்று சொல்கிற பழக்கம் இருக்கிறது. மறுபடியும் வந்த ரெட்டியார்பாளையத்துக்காரரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் சாய்த்துப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மலிவானதையே வாங்கிக்கொண்டு போனார். முசியே இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பார். நான் போய்வாருங்கள், நன்றாக எடுங்கள் என்றேன்.

ஒரு குறை மட்டும் என் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. காத்தவராயனைத் தான் பார்க்கவில்லையே என்று கடைசி வரைக்கும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார் முசியே. அவர் உங்கள் தொப்பியைப் பார்த்துத்தான் சிரித்தார் முசியே என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு திங்கட்கிழமை வேண்டியிருந்தது.